தைப்பூச நடை முடிந்தது, பங்குனி உத்திர நடை தொடங்கவில்லை: நடுவில் இருக்கிற வீட்டு நாட்களுக்கு ஒரு பாடம்



 திருமுக்கூடல்ல இருந்து இந்தப் பாடம்.

பாதயாத்திரைக்கு எப்படிக் கிளம்பணும், என்ன எடுத்துட்டுப் போகணும், காலுக்கு என்ன தடவணும்னு சொல்ற பதிவுகள் நிறைய வருது. திரும்பி வந்த பிறகு என்ன செய்யணும்னு சொல்ற பதிவு ரொம்பக் குறைவு. ஆனா தைப்பூசம் முடிஞ்ச ஒரு வாரத்துல வர்ற கேள்வி எல்லாம் அதைப் பத்தித்தான். "வீட்ல மனசு ஒட்டல." "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது." "வேலைக்குப் போகவே பிடிக்கல." "அம்மாவோட சும்மா சும்மா சண்டை." "மறுபடி எப்ப கிளம்பலாம்னே தோணுது."

2025-ல தைப்பூசம் பிப்ரவரி 11, பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. சரியா ரெண்டு மாசம். இந்த ரெண்டு மாசத்தை வெறும் காத்திருப்புன்னு நினைக்கிறவங்கதான் அதிகம். அதுவும் வழிபாட்டுல ஒரு பகுதிதான். எப்படின்னு படிப்படியா பார்ப்போம்.

*1. ஏன் இந்த வெறுமை வருது?*

முதல்ல ஒண்ணு. இது உங்க பக்தியில இருக்கிற குறை இல்ல, வீட்டு மேல இருக்கிற வெறுப்பும் இல்ல.

நடக்கிற நாள்ல ஒரு மனுஷனுக்கு என்ன வேலை? எழுந்திரிக்கணும், குளிக்கணும், நடக்கணும், கிடைச்சதைச் சாப்பிடணும், படுக்கணும். ஒரே ஒரு குறி, மலை. கூட நடக்கிறவன் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன சம்பளம்னு யாரும் கேட்கிறதில்ல. எல்லாரும் "சாமி"தான். வழியில முகம் தெரியாத அம்மா மோர் கொடுக்கிறாங்க. எல்லாரும் சேர்ந்து அரோகரா சொல்றோம்.

வீட்டுக்கு வந்தா? கரன்ட் பில், வண்டித் தவணை, ஒரகடம் கம்பெனியில ராத்திரி ஷிப்ட், அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை, மேனேஜர் போன். நேத்து வரை "சாமி"ன்னு கூப்பிட்ட உலகம் இன்னைக்கு "டேய்"ங்குது. குறி ஒண்ணா இருந்தது இருபதா ஆயிடுது. மனசு திணறத்தான் செய்யும்.

இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நாம போறது நடந்து, வர்றது வண்டியில. நம்ம பக்கத்துல இருந்து பழனி நானூறு கிலோமீட்டருக்கு மேல. பல நாள் நடந்து போன தூரத்தை ஒரே ராத்திரியில பஸ்ஸிலோ ரயிலிலோ தூங்கிக்கிட்டே கடந்து வந்துடறோம். உடம்பு வீட்ல இறங்கிடுது. மனசு இன்னும் ஒட்டன்சத்திரம் ரோட்லதான் நடந்துட்டு இருக்கு.

பழைய காலத்துல இப்படி இல்ல. நடந்து போனவங்க நடந்துதான் வந்தாங்க. செட்டிநாட்டு நகரத்தார் காவடியைப் பாருங்க. குன்றக்குடியில கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனிக்குப் போறாங்க. நானூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம்னு சொல்றாங்க. அதுல நாம கவனிக்க வேண்டியது, பழனியில காவடி செலுத்தினதும் அவங்க கதை முடியறதில்ல. காவடிங்க நடந்தே ஊர் திரும்புற மரபு அவங்ககிட்ட இருக்கு. போன வழியிலேயே, போன மாதிரியே திரும்பு நடை. ஒவ்வொரு நாளும் மலை கொஞ்சம் கொஞ்சமா பின்னால போகுது, வீடு கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வருது. ஊர் எல்லைக்கு வரும்போது மனசும் கூடவே வந்து சேர்ந்துடுது.

இது நம்ம நாட்டுல மட்டும் இல்ல. ஸ்பெயின் நாட்டுல சந்தியாகோ கோயிலுக்கு ஐரோப்பாவுல இருந்து நடந்து போன பழைய யாத்திரிகர்களும் நடந்தேதான் வீடு திரும்பினாங்க. இன்னைக்கு அவங்களும் விமானம் ஏறிடறாங்க.

நமக்கு லீவு கிடையாது, திரும்பு நடை நடக்க முடியாது. அதனால அதை வீட்லயே நடக்கணும். இந்தப் பாடத்தோட மையம் இதுதான்: *எத்தனை நாள் நடந்து போனீங்களோ, அத்தனை நாள் வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்குன்னு ஒதுக்குங்க.* பத்து நாள் நடந்தவங்களுக்குப் பத்து நாள். அதுவரைக்கும் "ஏன் இன்னும் சரியாகல"ன்னு உங்களை நீங்களே திட்டிக்காதீங்க.

*2. முருகனும் போர் முடிந்து வீடு திரும்பியவர்தான்*

காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடினார்னு எல்லாருக்கும் தெரியும். பத்தாயிரம் பாட்டுக்கு மேல. உற்பத்தி, அசுரர், மகேந்திரர், யுத்தம், தேவர், தக்ஷர்னு ஆறு காண்டம். இந்த வரிசையை ஒரு தடவை நிதானமா பாருங்க.

யுத்த காண்டம் நாலாவது. சூரபத்மன் மயிலும் சேவலும் ஆகறது அங்கேயே முடிஞ்சுடுது. நாமளா இருந்தா படத்தை அங்கேயே முடிச்சிருப்போம். புராணம் முடியல. அடுத்தது தேவ காண்டம். திருப்பரங்குன்றத்துல தெய்வயானை திருமணம். இந்திரனுக்கு மறுபடி முடிசூட்டி வைக்கிறார். அப்புறம் கந்தவெற்புக்குத் திரும்பிப் போய் அமர்றார். புராணத்தோட கடைசிப் படலம் எது தெரியுமா? வள்ளியம்மை திருமணம். தணிகையில வள்ளியோட இருந்துட்டு, பிறகு வள்ளியை அழைச்சுக்கிட்டு தெய்வயானை இருக்கிற கந்தவெற்புக்கே போய்ச் சேர்றார்.

அதாவது, இவ்வளவு பெரிய நூல் போர்க்களத்துல முடியல. வீட்ல முடியுது.

இன்னொண்ணு கவனிங்க. "படைவீடு"ன்னு சொல்றோமே, அதுக்குப் பழைய பொருள் படை தங்குற பாசறை. போற வழியில தங்குற இடத்தையும் வீடுன்னுதான் சொல்லியிருக்காங்க.

அந்த ஆறுல நமக்கு ரொம்ப கிட்ட இருக்கிறது திருத்தணி. சூரனோட நடந்த போரும், வள்ளியை மணக்க வேடர்களோட நடந்த சண்டையும் முடிஞ்சு, முருகன் சினம் தணிஞ்சு அமர்ந்த இடம். அதனாலதான் தணிகை. கந்தசஷ்டிக்கு மத்த முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கும், திருத்தணியில நடக்காது. அங்க அன்னைக்குப் புஷ்பாஞ்சலி, பூவாலே அர்ச்சனை. தணிஞ்ச இடத்துல மறுபடி போர் எதுக்கு?

நடையில இருக்கிறப்ப நம்ம உடம்பும் மனசும் ஒரு போர் வேகத்துல இருக்கு. "இன்னும் முப்பது கிலோமீட்டர்", "கால் வலிச்சாலும் விடமாட்டேன்". அந்த வேகம் அங்க தேவை. அதே வேகத்தை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா அது சினமா மாறுது. அம்மா "சாப்டியா"ன்னு கேட்டாலே எரிச்சல் வருது. அப்ப ஞாபகம் வெச்சுக்கங்க: பழனிக்கு அடுத்து நாம போக வேண்டிய தலம் தணிகை. அந்தத் தணிகை இப்ப உங்க வீட்டு வாசல்லதான் இருக்கு.

*3. உடம்பைக் கவனி: ஆயிரம் வருஷத்துக்கு முன்னால நம்ம ஊர் சொன்ன பாடம்*

திருமுக்கூடல்னா பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். ஆத்தங்கரையில அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். மாமன் கோயில்தான், நம்ம சாமி மால்மருகன் ஆச்சே! அந்தக் கோயில்ல 11-ஆம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ரொம்பப் பெரிய கல்வெட்டு. அதுல வேதம் படிக்கிற பள்ளி, மாணவர் தங்குற விடுதி, இதோட ஒரு ஆதுலசாலையும் சொல்லியிருக்கு. ஆதுலசாலைன்னா ஆஸ்பத்திரி. பேரு "வீரசோழன்".

பதினஞ்சு நோயாளிகள் படுக்க இடம். மருந்து கொடுக்க ஒரு வைத்தியர். அறுவை செய்ய ஒருத்தர். மூலிகையும் விறகும் கொண்டுவர ரெண்டு பேர். பக்கத்துல இருந்து பார்த்துக்கப் பெண்கள் ரெண்டு பேர். ஒரு நாவிதர். வருஷம் முழுக்க இருப்புல வைக்க வேண்டிய மருந்துகளோட பேர் வரிசையா வெட்டியிருக்கு. அதுல தைலங்களும் உண்டு. பேர்லயே ஏரண்டம், அதாவது ஆமணக்கு, வர்ற தைலமும் உண்டு. விடுதி மாணவர்களுக்குப் படுக்கப் பாய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய்னு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்காங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? கோயிலுக்குள்ளேயே, சாமியோட சொத்துல இருந்தே, உடம்புக்கு ஓய்வும் மருந்தும் எண்ணெயும் ஒதுக்கினவங்க நம்ம முன்னோர். "உடம்பைப் பத்தி யோசிச்சா பக்தி குறைஞ்சுடும்"னு அவங்க நினைக்கல. நாம ஏன் நினைக்கணும்?

வீடு வந்த முதல் வாரத்துக்கான குறிப்புகள்:

கால்: கொப்புளத்தைப் பிய்க்காதீங்க. தினம் ரெண்டு வேளை கழுவி, ஈரம் போகத் துடைச்சு, மூடி வைங்க. கறுத்துப்போன நகத்தைப் பிடுங்காதீங்க, தானா வளர்ந்து மாறும். காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுருக்குனு குத்தினா, அது பாதத்துக்கு அடியில இருக்கிற தசைநார் ஓய்வு கேட்குதுன்னு அர்த்தம். கொஞ்ச நாள் மெத்துன்னு இருக்கிற செருப்பு போடுங்க, கெண்டைக்காலை மெதுவா நீட்டி மடக்குங்க.

நடை: ஒரேயடியா நிறுத்தாதீங்க. நாள் முழுக்க நடந்த உடம்பை நாள் முழுக்கப் படுக்க வெச்சா இன்னும் இறுகிப்போகும். முதல் ரெண்டு நாள் ஓய்வு. அப்புறம் காலையில அரை மணி நேரம். எங்க ஊர்ல ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வந்தாலே போதும்.

சாப்பாடு: ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் நடக்கும்போது உடம்பு ஆயிரம் கலோரிக்கு மேல கூடுதலா எரிக்குது. நடை நின்னுடும், பசி உடனே நிக்காது. ரெண்டு மூணு வாரம் பழைய பசியே இருக்கும். அதே அளவு சோறு சாப்பிட்டா வயிறு தொந்தி போடும். தட்டுல காய், பயறு கூடட்டும். சோறு கொஞ்சம் கொஞ்சமா பழைய அளவுக்கு வரட்டும். பஞ்சாமிர்தம் பிரசாதம், டப்பாவை மடியில வெச்சு ஸ்பூன் போட்டுச் சாப்பிடற டிபன் இல்ல!

தூக்கம்: விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்தா பயப்படாதீங்க. நடையில அந்த நேரத்துக்குக் கிளம்பிப் பழகிட்டோம். போனை எடுக்காம, படுத்தபடியே சரவணபவ சொல்லுங்க. பத்து நாள்ல சரியாகும்.

இதுங்க இருந்தா மட்டும் வீட்டு வைத்தியம் பார்த்துட்டு இருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க: ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, வலியா இருந்தா, புண்ணைச் சுத்தி சிவந்து பரவினா, காய்ச்சல் வந்தா, சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி கறுப்பா போனா, சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குப் பாதத்துல சின்னப் புண் இருந்தாலும்.

"முருகன் பார்த்துப்பான், டாக்டர் எதுக்கு?"ன்னு கேட்கிற தம்பிங்களுக்குப் பாம்பன் சுவாமிகள் வரலாறு. சண்முக கவசம் பாடின மகான். 1923 டிசம்பர் 27-ஆம் தேதி சென்னை தம்புசெட்டித் தெருவுல குதிரை வண்டி ஏறி அவர் கால் எலும்பு முறிஞ்சது. அவரை எங்க கொண்டு போனாங்க? சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்க படுக்கையில இருந்தப்பதான் மயில் தரிசனம் கிடைச்சதுன்னும், அறுவை இல்லாமலே எலும்பு கூடினதுன்னும் அடியார்கள் போற்றுறாங்க. அதைத்தான் மயூரவாகன சேவனம்னு வருஷா வருஷம் கொண்டாடறோம். சீடர்கள் வெளியில கவசம் ஓதினாங்க, சுவாமிகள் உள்ள கட்டில்ல இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் முருகன் வருவான்.

*4. உங்க காவடியை வீட்ல யார் சுமந்தாங்க?*

நாம தோள்ல சுமந்த காவடி எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. போட்டோ எடுத்தாங்க, ஸ்டேட்டஸ் வெச்சாங்க. நாம இல்லாத நாள்ல வீட்ல ஒருத்தர் நம்ம பங்கையும் சேர்த்துச் சுமந்தாங்களே, அது யார் ஸ்டேட்டஸ்லயும் வரல.

தை மாசம் நம்ம பக்கம் சம்பா அறுப்பு நேரம். அப்ப ஒரு ஆள் வீட்ல இல்லைன்னா அந்த வேலை யார் தலையில விழுந்திருக்கும்? மாட்டுக்குத் தண்ணி யார் காட்டினது? பாப்பாவை ஸ்கூல்ல யார் விட்டது? விரதம் 48 நாளும் காலையில நாலு மணிக்கு எழுந்து நமக்குன்னு தனியா சமைச்சுப் போட்டது யார்? அவங்களும் 48 நாள் விரதம்தான் இருந்திருக்காங்க. மாலை மட்டும்தான் கழுத்துல இல்ல.

அதனால வீட்டுக்கு வந்ததும் ஒரு வரிசை வெச்சுக்கங்க: *முதல்ல கேளுங்க, அப்புறம் சொல்லுங்க.* உங்க கதை ஓடிப் போயிடாது. "நான் இல்லாதப்ப என்னம்மா நடந்துச்சு?"ன்னு உட்கார்ந்து கேளுங்க. போனைத் தூர வெச்சுட்டுக் கேளுங்க. அவங்க சொல்லி முடிச்ச பிறகு, மலை மேல நடந்ததைச் சொல்லுங்க. அப்ப அவங்க கேட்கிற விதமே வேற மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, நீங்க இல்லாதப்ப யார் எந்த வேலையைச் செய்தாங்களோ, அந்த வேலையைக் கொஞ்ச நாள் நீங்க வாங்கிக்கங்க. பாதயாத்திரையில அன்னதானப் பந்தியில இலை எடுத்தீங்க, பாத்திரம் தேய்ச்சீங்க. அதையே வீட்ல செய்யக் கூச்சம் எதுக்கு? அங்க அடியார் சாப்பிட்ட பாத்திரம், இங்க அம்மா சாப்பிட்ட பாத்திரம். அவ்வளவுதான்.

மூணாவது, இது தங்கைகளுக்காக, அதை விட அவங்க வீட்டு ஆம்பளைங்களுக்காக. ஒரு தம்பி நடந்துட்டு வந்தா "பாவம் புள்ள, கால் வீங்கியிருக்கு, படுக்கட்டும்"ங்கிறாங்க. அதே தூரம் நடந்து, அதே கொப்புளத்தோட வந்த பொண்ணு மறுநாள் காலையில அடுப்பு முன்னால நிக்குது. பாதம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வீட்ல ஒரு பெண் நடந்துட்டு வந்திருந்தா, அவங்க திரும்பு நடை முடியற வரைக்கும் அடுப்பை மத்தவங்க பார்த்துக்கங்க. நாலு நாள் ரசஞ்சோறுன்னாலும் பரவாயில்ல.

பிரசாதம் கொடுக்கப் போறதையும் சும்மா ஒரு சடங்கா செய்யாதீங்க. ஒவ்வொரு வீட்லயும் திருநீறு கொடுத்துட்டு, ரெண்டு நிமிஷம் நின்னு "எப்படி இருக்கீங்க மாமா?"ன்னு கேளுங்க. ஊர்ல யாருக்கு உடம்பு சரியில்ல, யார் வீட்ல துக்கம், யாருக்குக் குழந்தை பிறந்ததுன்னு தெரிஞ்சுடும். ஊருக்குள்ள நீங்க மறுபடி வந்துட்டீங்கன்னு அர்த்தம்.

*5. மாலை கழற்றின மறுநாள்*

இதைப் பேசாம இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. நிறைய வீட்ல அம்மாவும் மனைவியும் தைப்பூசத்தை நினைச்சு சந்தோஷப்படறதுக்கு ஒரு காரணம் உண்டு: அந்த 48 நாள் அவன் குடிக்க மாட்டான். அதே வீட்ல மாலை கழற்றுற நாளை நினைச்சுப் பயப்படறவங்களும் அவங்கதான்.

"48 நாள் விட்டேன்ல, ஒரு நாள் என்ன?"ன்னு கூட்டாளிங்க கூப்பிடுவாங்க. தம்பி, இதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்க.

ஒண்ணு உடம்பு. 48 நாள் தொடாம இருந்த உடம்புக்குப் பழைய தாங்குசக்தி இருக்காது. பழைய அளவை ஒரே நாள்ல ஊத்தினா அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதுக்கப்புறம் பைக் எடுத்தா, ஆபத்து ரோட்ல எதிர்ல வர்றவனுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொண்ணு மனசு. "என்னால விட முடியாது"ன்னு நீ எத்தனை தடவை சொல்லியிருப்ப? 48 நாள் விட்டுக் காட்டிட்ட. அது பொய்யின்னு ஆயிடுச்சு. முருகன் உனக்குக் கொடுத்த பெரிய பிரசாதம் பஞ்சாமிர்தம் இல்ல, இந்தச் சாட்சிதான். அதை எதுக்குப் போய்க் கடையில கொடுத்துட்டு வர்ற?

ஒரு எளிய வழி. கழுத்துல மாலை இல்லாட்டியும் பூஜை அறையில அதைக் கண்ணுல படற மாதிரி மாட்டி வை. 49-ஆவது நாள், 50-ஆவது நாள்னு காலண்டர்ல குறிச்சுக்கிட்டே வா. கூட நடந்த நாலு பேர் சேர்ந்து செய்தா இன்னும் சுலபம். சாயந்திரம் மனசு இழுக்கிற நேரத்துக்கு ஒரு வேலையை முன்கூட்டியே வெச்சுக்க: வாலிபால், கோயில்ல விளக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறது, எதுவா இருந்தாலும் சரி. தினமும் நிறையக் குடிச்சுப் பழகினவங்க, தனியா விட முடியாதவங்க, அரசு ஆஸ்பத்திரியில கேட்டா சிகிச்சை உண்டு. கேட்கிறதுல வெட்கம் வேண்டாம்.

அதே மாதிரி, வெறுமை ரெண்டு மூணு வாரம் தாண்டியும் போகலைன்னா, தூக்கம், சாப்பாடு, வேலை எதுலயும் மனசு வரலைன்னா, "இருந்து என்ன ஆகப் போகுது"ன்னு தோண ஆரம்பிச்சா, அதை பக்தி ஏக்கம்னு நினைச்சு மறைக்காதீங்க. 14416 மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க.

*6. இந்த வருஷம் போக முடியாதவங்களுக்கு*

பங்குனி உத்திரத்துக்கும் கிளம்பணும்னு எல்லாருக்கும் ஆசை. கொங்கு நாட்டு அடியார்கள் கொடுமுடியில காவிரித் தீர்த்தம் எடுத்துக்கிட்டுப் பழனிக்கு நடக்கிற காலம் அது. வீடியோ பார்த்தாலே கால் துறுதுறுன்னு வரும். ஆனா எல்லாராலயும் ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு நடை போக முடியாது. லீவு இருக்காது, காசு இருக்காது, வீட்ல யாராவது படுத்திருப்பாங்க.

மறுபடி பாம்பன் சுவாமிகள்கிட்டயே போவோம். அவர் இல்லறத்துல இருந்த காலத்துல துறவு எண்ணத்தோட பழனிக்குக் கிளம்ப நினைச்சார். நண்பர் ஒருத்தர், "இது முருகன் உத்தரவா?"ன்னு கேட்டப்ப, உத்தரவு வராமலே ஆமாம்னு சொல்லிட்டார். அந்தப் பொய்க்காக முருகன் தோன்றிக் கண்டிச்சு, தான் சொல்ற வரைக்கும் பழனிக்கு வரக்கூடாதுன்னு தடுத்ததா அவர் வரலாறு சொல்லுது. 1929-ல திருவான்மியூர்ல சமாதி அடையற வரைக்கும் அவர் பழனிக்குப் போகவே இல்ல. பழனியை ஒரு தடவைகூடப் பார்க்காதவர் பாடின கவசத்தைத்தான் இன்னைக்கும் முருகனடியார்கள் பாடறாங்க.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. போகாததால பக்தி குறையாது. வீட்டுக் கடமையில இருந்து தப்பிக்கறதுக்கு "முருகன் கூப்பிட்டான்"னு சொல்றதை முருகனே ஏத்துக்கறதில்ல.

அதனால அடுத்த நடைக்குப் பேர் கொடுக்கறதுக்கு முன்னால மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. கால் முழுசா ஆறிடுச்சா? போன நடைக்கு வாங்கின கடன் தீர்ந்துதா? வீட்ல இருக்கிறவங்க மனசார "போயிட்டு வா"ன்னு சொல்றாங்களா? மூணுக்கும் ஆமாம்னா கிளம்புங்க. ஒண்ணுக்கு இல்லைன்னா, இந்தத் தடவை வீட்லயே உத்திரம். அன்னைக்குப் பக்கத்துக் கோயிலுக்கு நடங்க. நம்ம பக்கம் செய்யாத்தங்கரை இளையனார்வேலூர் இருக்கு, காஞ்சியில குமரகோட்டம் இருக்கு. ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு கிருத்திகையும், மாசத்துக்கு ரெண்டுன்னு சஷ்டியும் வருது. சின்னச் சின்ன நடைக்கு நாள் நிறைய இருக்கு.

*7. மணலுக்கு அடியில*

எங்க ஊருக்கு முதல் தடவை வர்றவங்க ஏமாந்துபோவாங்க. "மூணு ஆறு கூடற இடம்னீங்க, வெறும் மணலா இருக்கு?"ன்னு கேட்பாங்க. மழைக்காலம் போனா மேல ஓடற தண்ணி குறைஞ்சுடும். ஆனா பாலாத்துல மணலுக்கு அடியில ஓட்டம் உண்டு. ஊத்து தோண்டினா தண்ணி சுரக்கும். அந்த அடித்தண்ணிதான் கரையில இருக்கிற கிணத்துக்கும் வயலுக்கும் உயிர். மணலை அள்ளிட்டா அந்தத் தண்ணியும் போயிடும். அதனாலதான் இந்த ஊர்க்காரங்களுக்கு மணல் அவ்வளவு பெருசு.

நடை நாள்ல பக்தி மேல வெள்ளமா ஓடும், எல்லாருக்கும் தெரியும். வீட்டு நாள்ல அது அடியில ஓடணும். தினமும் ஒரு விளக்கு, ஒரு கவசம், ஒரு நல்ல சொல், நேரத்துக்கு வேலை. இதுதான் மணல். பாக்கறதுக்குச் சாதாரணமா இருக்கும். இதை அள்ளிட்டா அடியில இருக்கிறது நிக்காது.

மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு வர்றார். ஆத்தைத் தாண்டி எங்க ஊருக்கும் எழுந்தருள்றார். ஊரே திரண்டு நிக்கும். பார்த்து முடிச்சதும்? அவரும் கிளம்பிக் காஞ்சிக்குத் திரும்பிடறார். மறுநாள் காஞ்சியில வழக்கம்போல பூஜை. சாமிக்கே போறதும் உண்டு, திரும்புறதும் உண்டு.

*இந்த வாரப் பயிற்சி*

1. எத்தனை நாள் நடந்தீங்கன்னு எண்ணி, அத்தனை நாளைக் காலண்டர்ல "திரும்பு நடை"ன்னு குறிச்சுக்கங்க.
2. இன்னைக்கு ராத்திரி, நீங்க இல்லாத நாள்ல வீட்ல என்ன நடந்ததுன்னு கேளுங்க. உங்க கதையை நாளைக்குச் சொல்லிக்கலாம்.
3. நீங்க இல்லாதப்ப மத்தவங்க செய்த ஒரு வேலையை இந்த வாரம் முழுக்க நீங்க செய்யுங்க.
4. காலைப் பாருங்க. மேல சொன்ன ஆபத்துக் குறி ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க.
5. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிங்க. திருமுக்கூடல் கல்வெட்டே சொல்லுது! ஆறாத புண் இருந்தா மட்டும் அது மேல எண்ணெய் படாம பார்த்துக்கங்க.
6. விட்ட பழக்கம் ஏதாவது இருந்தா, 49-ஆவது நாளையும் குறிங்க.
7. கூட நடந்த ஒருத்தருக்குப் போன் பண்ணி "வீட்ல எப்படி இருக்க?"ன்னு கேளுங்க. "அடுத்து எப்ப போகலாம்?"ங்கிறது அப்புறம்.

குடும்பத்தோட உட்கார்ந்து பேச ஒரு கேள்வி: நம்ம வீட்ல, வெளிய தெரியாம காவடி சுமக்கிறவங்க யார்?

தைப்பூசம் நடந்துட்டு வந்து வீட்ல மனசு ஒட்டாம இருக்கிற யாராவது ஞாபகத்துக்கு வந்தா, அவங்களுக்கு இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!